விசைப்பலகைத் திறன்பேசிகளின் அளவும் தமிழ் எழுத்தின் இடமும்

விசைப்பலகைத் திறன்பேசி என்பது ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்துச் செய்யப்பட்ட கைபேசி. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இரு கட்டைவிரல்களால் அழுத்தி எழுதலாம். 1996 முதல் 2010களின் தொடக்கம் வரை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அலுவலர்களும் வணிகர்களும் செய்தியாளர்களும் விரும்பி வாங்கிய கருவி இது. இன்று மாணவர்கள் கையில் இருப்பது கண்ணாடித் தொடுதிரை என்பதால், பொத்தான் வைத்த திறன்பேசியைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

தமிழில் 247 எழுத்துகள் இருப்பதால்தான் அந்தச் சின்னக் கருவியில் தமிழுக்கு இடம் கிடைக்கவில்லை என்று பலர் சொல்வதுண்டு. கேட்பதற்குச் சரி போலத் தோன்றும். ஆனால் அந்தக் கைபேசிகளின் நீள அகலங்கள் இன்றும் நமக்குத் தெரியும். தமிழ் விசைப்பலகையில் எத்தனை விசைகள் என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகளைப் படிக்கும் முறை

கைபேசியின் அளவை நீளம், அகலம், கனம் என்ற வரிசையில் மில்லிமீட்டரில் குறிப்பது வழக்கம். மூன்றையும் பெருக்கினால் அக்கருவி அடையும் இடம் ஏறத்தாழ எவ்வளவு என்று தெரியும். ஓரங்கள் வளைந்திருப்பதால் உண்மையான கன அளவு சற்றுக் குறைவாகவே இருக்கும்; ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும். விசைப்பலகைக் கைபேசியில் இம்மூன்றிலும் முக்கியமானது அகலம். ஏனென்றால் ஒரு வரிசையில் எத்தனை விசைகள் வைக்கலாம் என்பதை அகலமே முடிவுசெய்கிறது.

இக்கட்டுரையில் வரும் முக்கியமான கருவிகளும் அவற்றின் அளவுகளும்:

நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் (1996): 173 × 64 × 38 மி.மீ., 397 கிராம்
பாம் ட்ரியோ 650 (2004): 113 × 59 × 23 மி.மீ., 178 கிராம்
பிளாக்பெர்ரி 8700 (2005): 110 × 69.5 × 19.5 மி.மீ., 134 கிராம்
நோக்கியா ஈ61 (2006): 117 × 69.7 × 14 மி.மீ., 144 கிராம்
பிளாக்பெர்ரி பேர்ல் 8100 (2006): 107 × 50 × 14.5 மி.மீ., 90 கிராம்
ஐபோன், முதல் வடிவம் (2007): 115 × 61 × 11.6 மி.மீ., 135 கிராம்
நோக்கியா ஈ71 (2008): 114 × 57 × 10 மி.மீ., 127 கிராம்
ஹெச்டிசி டிரீம் (2008): 117.7 × 55.7 × 17.1 மி.மீ., 158 கிராம்

மூக்குக் கண்ணாடிக் கூடு போல ஒரு கைபேசி

முதலில் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் மூடியிருக்கும்போது சாதாரணக் கைபேசி போலத் தோன்றும். மேலே எண்விசைகளும் சிறு திரையும் இருக்கும். மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறப்பதுபோல நீளவாக்கில் திறந்தால், உள்ளே ஒரு பக்கம் அகலமான கருப்பு வெள்ளைத் திரை, மறுபக்கம் முழு விசைப்பலகை. மின்னஞ்சல் அனுப்பலாம், தொலைநகல் அனுப்பலாம்.

397 கிராம் என்பது எவ்வளவு? எங்கள் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கும் அரைக் கிலோ பால்கோவாவில் ஐந்தில் நான்கு பங்கு எடை. சட்டைப் பையில் போட்டால் சட்டையே தொங்கிப்போகும். இதன் கன அளவு ஏறத்தாழ 420 கன செ.மீ. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த நோக்கியா ஈ71இன் கன அளவு 65 கன செ.மீ. அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. எடையோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்வளவு பெரிதாக இருந்தும் 9000இல் பத்து விரல்களால் தட்டச்சுச் செய்ய முடியாது. கணினி விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு ஏறத்தாழ 19 மி.மீ. தூரம். பத்து விசைகளுக்கு 190 மி.மீ. வேண்டும். கம்யூனிகேட்டரின் மொத்த நீளமே 173 மி.மீ.தான். ஆகவே தட்டச்சுப் பழகிய பத்து விரல்களுக்குக் கைபேசியில் இடமில்லை என்பது முதல் கருவியிலேயே தெளிவாகிவிட்டது. பின்னால் வந்தவை எல்லாம் கட்டைவிரலையே நம்பின.

கட்டைவிரல் காலம்

கனடாவின் வாட்டர்லூ நகரில் இருந்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999இல் பிளாக்பெர்ரி என்ற பெயரில் மின்னஞ்சல் கருவியைக் கொண்டுவந்தது. அப்போது அதில் பேச முடியாது. பேசும் வசதி கொண்ட 5810 வடிவம் 2002இல் வந்தது. அதிலும் காதுக்கருவியைச் செருகினால்தான் பேசலாம். இந்தியாவுக்கு 2004இல் ஏர்டெல் வழியாகப் பிளாக்பெர்ரி வந்தது.

கம்யூனிகேட்டரைப் போலத் திறந்து மூட வேண்டிய வேலை பிளாக்பெர்ரியில் இல்லை. மேலே திரை, கீழே விசைகள். எல்லாம் ஒரே முகத்தில். கைபேசியை நெட்டாகப் பிடித்தபடியே எழுதலாம். பாம் நிறுவனத்தின் ட்ரியோவும் இதே அமைப்புதான். இந்த அமைப்பில் கைபேசியின் அகலமும் விசைப்பலகையின் அகலமும் ஒன்றாகிவிடுகின்றன.

அகலத்தை முடிவுசெய்த பத்து எழுத்துகள்

ஆங்கிலத் தட்டச்சு வரிசையின் மேல் வரிசையில் கியூ முதல் பி வரை பத்து எழுத்துகள். நடுவில் ஒன்பது, கீழே ஏழு, ஆக 26. அந்த மேல் வரிசைப் பத்து விசைகளும் எவ்வளவு நெருக்கமாக நின்றாலும் கட்டைவிரலுக்குத் தனித்தனியே தட்டுப்பட வேண்டும். அதுதான் கைபேசியின் அகலத்தை முடிவுசெய்தது.

அகலத்தைப் பத்தால் வகுத்துப் பாருங்கள். பிளாக்பெர்ரி 8700இல் ஒரு விசைக்குக் கிடைப்பது 6.95 மி.மீ. நோக்கியா ஈ61இல் 6.97. ட்ரியோவில் 5.9. ஈ71இல் 5.7. ஓர விளிம்பு போக உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் மக்கள் 5.7 மி.மீ. இடத்துக்குள் விரைவாக எழுதப் பழகினார்கள். விரல் தடுமாறாதிருக்க ஈ71இன் ஒவ்வொரு விசையும் நடுவில் மேடாகச் செய்யப்பட்டிருந்தது. பக்கத்து விசையோடு ஒட்டியிருந்தாலும் மேடு தனியாகத் தெரியும். இந்த 5.7 என்ற எண்ணை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும்.

அகலத்தைக் குறைக்க இன்னொரு வழியும் இருந்தது. பிளாக்பெர்ரி 7100 (2004), பேர்ல் 8100 ஆகியவற்றில் இரண்டு எழுத்துகளுக்கு ஒரு விசை என்று வைத்தார்கள். வரிசைக்குப் பத்துக்குப் பதில் ஐந்து விசைகள். எந்த எழுத்தை நாம் கருதினோம் என்பதைக் கருவி தனக்குள் இருக்கும் சொற்பட்டியலைப் பார்த்து ஊகித்துக்கொள்ளும். இதனால் பேர்லின் அகலம் 50 மி.மீ.க்கும் எடை 90 கிராமுக்கும் இறங்கியது.

மூன்றாவது வழி, விசைப்பலகையைத் திரைக்கு அடியில் ஒளித்துவைப்பது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தோடு விற்பனைக்கு வந்த முதல் கைபேசியான ஹெச்டிசி டிரீம் இப்படிப்பட்டது. திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் கீழிருந்து விசைப்பலகை வெளிப்படும். கைபேசியைப் படுக்கைவாக்கில் பிடித்து எழுதுவதால் 117.7 மி.மீ. நீளம் முழுவதும் விசைகளுக்குக் கிடைக்கும். இதற்குக் கொடுத்த விலை கனம். ஒரே முகத்தில் எல்லாம் வைத்த ஈ71இன் கனம் 10 மி.மீ.; தள்ளித் திறக்கும் டிரீமின் கனம் 17.1 மி.மீ.

தமிழுக்கு எத்தனை விசைகள் வேண்டும்?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1; ஆக 247 என்று ஆரம்பப் பள்ளியிலேயே படிக்கிறோம். ஆனால் 216 உயிர்மெய்களும் மெய்யும் உயிரும் சேர்ந்து பிறப்பவை என்பதையும் அதே வகுப்பில்தான் படிக்கிறோம். விசைப்பலகை செய்பவருக்கு இரண்டாவது பாடம்தான் வேண்டும்.

தட்டச்சுப் பொறிக் காலத்தில் இந்தப் பாடத்தைப் பயன்படுத்துவது கடினமாக இருந்தது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். இரும்புப் பொறிக்கு இலக்கணம் தெரியாது. அச்சு எங்கே விழுகிறதோ அதுதான் எழுத்து. ஆகவே எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விசைகளில் வைக்க வேண்டியிருந்தது. 'கொ' என்று அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையே விரலின் வரிசை. ராஜபாளையத்துத் தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் இளநிலைத் தேர்வுக்கு நான் பழகியபோது விரலில் பதிந்த அந்த வரிசை இன்னும் மறக்கவில்லை.

கணினிக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகை இதைத்தான் செய்தது. உயிர் 12, மெய் 18, ஆய்தமும் புள்ளியும் சேர்ந்து ஒரு விசை. மொத்தம் 31 விசைகள். க விசையை அடுத்து ஒ விசையை அழுத்தினால் 'கொ' தானாக வரும். கொம்பு முன்னால், கால் பின்னால் என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

இதில் இன்னும் அழகான ஒரு வசதி உண்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். இன எழுத்துகளுக்கும் அப்படியே. 'பந்து' என்று எழுத ப, ந, த, உ. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிப்பு முறையில் 'அம்மா' எழுத ஐந்து விசைகள் வேண்டும்; 'பந்து' எழுத ஆறு.

ஒரு கணக்கு

இப்போது இரண்டையும் சேர்ப்போம். தமிழ்99இன் மேல் வரிசையில் 12 விசைகள், நடு வரிசையில் 11, கீழ் வரிசையில் 8. ஆங்கிலத்துக்கு 10, 9, 7. மொத்த வேறுபாடு ஐந்தே விசைகள். மேல் வரிசையின் வேறுபாடு இரண்டே விசைகள்.

ஈ71இன் விசைக்குக் கிடைத்த இடம் 5.7 மி.மீ. என்று முன்பு பார்த்தோம். அதே அளவில் 12 விசைகள் வைத்தால் 68.4 மி.மீ. அகலம் வேண்டும். அப்படியொரு கைபேசி விற்பனைக்கு வந்ததா? வந்தது. பிளாக்பெர்ரி 8700இன் அகலம் 69.5 மி.மீ.; நோக்கியா ஈ61இன் அகலம் 69.7 மி.மீ. அதாவது 2005, 2006ஆம் ஆண்டுகளில் கடையில் விற்ற கைபேசியிலேயே, பின்னால் மக்கள் விரும்பி எழுதிய ஈ71இன் விசை அளவு குறையாமல், தமிழ்99 விசைப்பலகை முழுவதையும் வைத்திருக்கலாம். படுக்கைவாக்கில் எழுதும் டிரீம் போன்ற கருவியில் 12 விசைகளுக்கு விசை ஒன்றுக்கு 9.8 மி.மீ. வீதம் தாராளமாகவே இடம் இருந்தது.

இரண்டு எழுத்துக்கு ஒரு விசை என்ற பேர்ல் முறை தமிழுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அ-ஆ, இ-ஈ, உ-ஊ, எ-ஏ, ஒ-ஓ என்று குறிலும் நெடிலும் ஐந்து இணைகள். ஐ-ஔ ஓர் இணை. உயிருக்கு ஆறு விசைகள். மெய் பதினெட்டுக்கு ஒன்பது விசைகள். புள்ளிக்கு ஒன்று. மொத்தம் 16. பேர்லில் ஆங்கிலத்துக்கு வைத்திருந்த எழுத்து விசைகள் 14. இப்படி ஒரு கருவி செய்யப்பட்டதாகச் சொல்ல வரவில்லை; செய்ய நினைத்திருந்தால் இடம் போதும் என்பதே கணக்கு காட்டுவது.

ரஷ்ய எழுத்துக்குக் கிடைத்த இடம்

கணக்கு தாளில் மட்டும் சரியாக வருகிறதா, நடைமுறையிலும் வருமா என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு ரஷ்ய மொழி விடை சொல்கிறது.

ரஷ்ய மொழியில் 33 எழுத்துகள். அதன் தட்டச்சு மேல் வரிசையில் 12 எழுத்துகள், நடு வரிசையில் 11, கீழ் வரிசையில் 9. இன்னோர் எழுத்து தனியே மூலையில் இருக்கும். தமிழ்99இன் 12, 11, 8 என்ற அமைப்போடு ஒப்பிட்டால் ரஷ்ய மொழிக்கே இரண்டு விசைகள் கூடுதல். ஆனாலும் ஈ71 போன்ற நோக்கியா கைபேசிகள் ரஷ்யாவில் ரஷ்ய எழுத்துகள் பொறித்த விசைகளோடு விற்கப்பட்டன. ஆங்கில எழுத்தும் ரஷ்ய எழுத்தும் ஒரே விசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வரிசையில் இடம் போதாத எழுத்துகள் வேறு விசைகளைப் பகிர்ந்துகொண்டன. வளைகுடா நாடுகளில் அரபு எழுத்துகளோடும் இவை விற்கப்பட்டன. 57 மி.மீ. அகலத்தில் 33 எழுத்துகளைப் பொருத்த வழி கண்டவர்களுக்கு 31 விசைகள் பெரிய சிக்கலாக இருந்திருக்க முடியாது.

அப்படியானால் தடை எங்கே இருந்தது?

முதல் தடை திரையில் இருந்தது. ஆங்கில எழுத்தை வந்த வரிசையில் அடுக்கிவிடலாம். தமிழில் அப்படி முடியாது. ஒருங்குறி முறையில் 'கெ' என்ற எழுத்து முதலில் க, அதன் பின் கொம்பு என்று சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி வர வேண்டும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருளும் தமிழ் எழுத்துருவும் அன்றைய பல திறன்பேசிகளில் இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டங்கள் தெரியும். ஓப்பரா மினி உலவியில் ஓர் அமைப்பை மாற்றினால் எழுத்துகளைப் படமாக மாற்றிக் காட்டும் என்பதைக் கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அப்படித்தான் பலர் கைபேசியில் தமிழ் படித்தார்கள்.

இரண்டாவது தடை குறுஞ்செய்தியின் அளவு. ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அனுப்பலாம். தமிழ் போன்ற மொழிகளுக்கு 16 பிட் வேண்டும் என்பதால் 70 இடங்கள்தான். அதிலும் உயிர்மெய்யின் குறி தனி இடமாகக் கணக்கிடப்படும். 'பள்ளிக்கு நாளை விடுமுறை' என்ற வரியில் நாம் எண்ணினால் 11 எழுத்துகள். கருவியின் கணக்கில், இடைவெளி இரண்டும் சேர்த்து, 23 இடங்கள். இப்படி மூன்று வரிகளை இடைவெளி விட்டு எழுதினால் 71 ஆகிவிடும். ஒரு செய்தியில் அடங்காது, இரண்டு செய்திகளாகப் பிரியும். குறுஞ்செய்திக்குக் காசு கொடுத்த காலத்தில் இது சிறிய விஷயமன்று.

மூன்றாவது தடை சந்தையைப் பற்றிய எண்ணம். விலை உயர்ந்த திறன்பேசியை வாங்குபவர் ஆங்கிலத்தில் எழுதுபவர் என்று கருதப்பட்டது. நோக்கியாவின் எளிய எண்விசைக் கைபேசிகள் சிலவற்றில் தமிழ்ப் பட்டியலும் தமிழில் எழுதும் வசதியும் இருந்தன. முழு விசைப்பலகை கொண்ட விலை உயர்ந்த கருவிகளிலோ இந்தியக் கடைகளில் வழக்கமாகக் காணப்பட்டவை ஆங்கில எழுத்து விசைகளே. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் பெரிய தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் கைபேசி செய்த அதே ஆண்டுகளில்தான் இந்த நிலை.

எண்விசையில் வந்த தமிழ்

இந்தத் தடைகளுக்கு நடுவிலும் முயன்றவர்கள் உண்டு. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய மலேசியரான முத்து நெடுமாறன், கைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுதுவதற்குச் 'செல்லினம்' என்ற செயலியை உருவாக்கினார். 2005 பொங்கலின்போது அது சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலியின் துணையோடு வெளியிடப்பட்டது. சாதாரண எண்விசைக் கைபேசியிலேயே தமிழில் எழுத முடியும் என்பதை அது காட்டியது.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. எண்விசைகளில் எழுத்துக்காகப் பயன்படுபவை எட்டு என்று வைத்துக்கொள்வோம். 26 ஆங்கில எழுத்துகளை எட்டால் வகுத்தால் விசைக்கு மூன்றேகால் எழுத்து. 31ஐ எட்டால் வகுத்தால் விசைக்கு ஏறத்தாழ நான்கு. தமிழின் சுமை முக்கால் எழுத்துக்கும் குறைவாகவே கூடுதல்.

இழந்தது என்ன?

விசையில் தமிழ் இல்லாததால் நம்மவர் எழுதாமல் இருந்துவிடவில்லை. ஆங்கில எழுத்துகளிலேயே தமிழை எழுதினார்கள். 2010இல் வந்த நோக்கியா சி3 போன்ற விலை குறைந்த விசைப்பலகைக் கைபேசிகளும், மைக்ரோமேக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களின் கருவிகளும் இளைஞர் கைகளுக்குப் பரவியபோது இந்தப் பழக்கம் வேகமாகப் பரவியது.

சேத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை. அதில் மேகம் இறங்கினால் மழை. எம், ஏ, எல், ஏ, ஐ என்று ஐந்து ஆங்கில எழுத்துகளில் ஒரு மாணவர் செய்தி அனுப்பினால் அது மலையா, மழையா, மாலையா? படிப்பவர்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். பள்ளியும் பல்லியும் ஒன்றாகின்றன. வலியும் வழியும் ஒன்றாகின்றன. நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள்கூட விடைத்தாளில் ல, ள, ழ எங்கே எது என்று தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கைபேசி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாள் முழுதும் மூன்று எழுத்துக்கும் ஒரே விசையை அழுத்திய விரலுக்கு, எழுதுகோலைப் பிடிக்கும்போது மட்டும் வேறுபாடு நினைவுக்கு வர வேண்டும் என்றால் எப்படி வரும்?

பொத்தான் போனது, தமிழ் வந்தது

தொடுதிரைக் கைபேசி புதிய எண்ணமன்று. 1994இலேயே ஐபிஎம் சைமன் என்ற கருவி விசைப்பலகை இல்லாமல் தொடுதிரையோடு விற்பனைக்கு வந்தது. அதன் அளவு 200 × 64 × 38 மி.மீ., எடை 510 கிராம். அரைக் கிலோ எடையை யாரும் நெடுநாள் சுமக்கவில்லை.

2007இல் வந்த ஐபோனின் அளவை ஈ71இன் அளவோடு ஒப்பிடுங்கள். 115 × 61 மி.மீ.; 114 × 57 மி.மீ. உள்ளங்கையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தையே அடைகின்றன. ஆனால் ஈ71இன் திரை 2.36 அங்குலம், ஐபோனின் திரை 3.5 அங்குலம். பொத்தான்கள் அடைத்திருந்த இடம் திரைக்குப் போய்விட்டது. எழுதும்போது மட்டும் விசைப்பலகை தோன்றும். எழுதி முடித்ததும் மறையும்.

தமிழுக்கு இதில் கிடைத்த பயன் பெரிது. பொறித்த விசையை மாற்ற ஆலையில் அச்சை மாற்ற வேண்டும். திரையில் வரையும் விசையை மாற்ற மென்பொருள் போதும். வரிசைக்குப் பத்து விசை என்ற ஆங்கிலக் கணக்கும் அதோடு கட்டாயமில்லாமல் போனது. எழுத்துருவும் அதைச் சரியாகக் காட்டும் மென்பொருளும் 2010களின் தொடக்கத்தில் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்தன. 2013இல் வெளியான ஐஓஎஸ் 7இல் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் ஐபோனிலேயே இடம்பெற்றன. ஆண்ட்ராய்டிலும் செல்லினம் உள்ளிட்ட செயலிகள் வந்தன.

மாணவர்களுக்கு ஒரு செய்முறை

ஓர் அளவுகோலும் உங்கள் வீட்டுக் கைபேசியும் இருந்தால் போதும். கைபேசியின் அகலத்தை மி.மீ.இல் அளந்து 12ஆல் வகுத்துப் பாருங்கள். 75 மி.மீ. அகலம் என்றால் விசைக்கு 6.25 மி.மீ. வரும். ஈ71இல் ஆங்கிலத்துக்குக் கிடைத்ததைவிட அதிகம். பிறகு அமைப்புக்குள் சென்று தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, 'மலையில் மழை' என்று எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் தடுமாறும். பிறகு விரல் பழகிவிடும்; ல எந்தப் பக்கம், ழ எந்தப் பக்கம் என்பதும் அதோடு மனதில் பதியும்.

247 எழுத்துகள் சின்னக் கருவியில் அடங்காது என்ற பேச்சை இனிக் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தமிழுக்கு வேண்டியிருந்தவை 31 விசைகள். 2005இல் விற்ற கைபேசியிலேயே அதற்கு இடம் இருந்தது. அன்று இடம் தர யாரும் முன்வரவில்லை. இன்று ஒவ்வொருவர் கைபேசியிலும் இடம் இருக்கிறது; அதைப் பயன்படுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.